கடுகு

பள்ளிப்பட்டுத் தண்ணீரில் பருப்பு வேகாது.
சோப்பு நுரைக்காது. பிலிம் கழுவினால்
காய்ந்த இடமெல்லாம் வட்டம் வட்டமாய்
வெள்ளை பூத்துக் கிடக்கும்.
தெரியாமல் முதல் வருடம் நான் கெடுத்த
கல்யாணங்கள் பதினொன்று.
இப்போது அன்வர் பேட்டரிக் கடையில்
டிஸ்டில்டு வாட்டர், கேன் முப்பது ரூபாய்.
வண்டிக்கு ஊற்றுவதைப் படத்துக்கு ஊற்றுகிறேனாம்,
அவருக்கு இன்னும் சிரிப்பு.

மங்கபதி நாயுடு கொண்டுவந்தது
ஆறு படம் உள்ள ஒரே துண்டு.
காலண்டர் தாளில் மடித்து வேட்டி மடிப்பில் செருகி,
தன் வியர்வையையும் சேர்த்து.
நான்காவதில் அவர் நிலம்.
ஒற்றைப் பனை. பின்னால் நகரி மலையின் மூக்கு.
பழைய பிரிண்டில் பனையின் காலடியில்
ஒரு வெள்ளைப் புள்ளி.
'அதுதாம்மா சர்வே கல்லு.
இந்தப் பக்கம் தமிழ்நாடு, என்னுது.
அந்தப் பக்கம் ஆந்திரா, பங்காளிது.
ராத்திரியோட ராத்திரியா புடுங்கிட்டான்.'
வக்கீல் பெரிதாய்க் கேட்கிறாராம். சுத்தமாய்.

ஓரத்தைப் பிடித்து
டியூப்லைட்டுக்குச் சாய்த்துப் பார்த்தேன்.
வெள்ளையடித்த கல் நெகட்டிவில் கறுப்பாகும்,
தோலுக்குள்ளே இருக்கும்.
இது மேலே உட்கார்ந்திருந்தது.
பால் காய்ந்த தம்ளர்போல் விளிம்பு தடித்து,
திருப்பினால் மினுக்கியது.

'இது தண்ணிக் கறை மாதிரி இருக்கு.
கழுவினா போயிடலாம்.'
அவர் கோபப்படவில்லை.
'கல்லு கழுவினா போயிடுமா?' என்றார்.
பிறகு, 'கடுகு.'

தெலுங்கில் அது கழுவு.
எனக்கும் தெலுங்கு தெரியும். ஆனாலும் ஒரு நொடி
அவ்வளவே இருந்த அதை
அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாகப் பட்டது.

ஃபேனை நிறுத்தினேன். கதவைச் சாத்தினேன்.
ரப்பர் பந்தால் தூசியை ஊதிவிட்டு
வெதுவெதுப்பில் அரை மணி ஊறப்போட்டேன்.
ஊறும்போது பிலிமின் தோல் உப்பிவிடும்,
நகம் பட்டால் அவ்வளவுதான்.
இருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.
பங்காளி மகளுக்கு அவர்தான் வரன் பார்த்தாராம்.
புத்தூர் மாப்பிள்ளை. தங்கமான பெண், என்றார்.

வியர்வைக் கறை போயிற்று.
விரல் அழுக்கு போயிற்று.
புள்ளி போகவில்லை.
அவர் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல்,
வழக்கு ஜெயித்தவர்போல்.

தண்ணீரில் சில சொட்டுக் காடி கலந்தேன்.
அதில் அது சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்தது.
மறுபடி அலசி, கடைசி நீரில் ஒரு துளி மருந்து விட்டு
மூலையில் கிளிப் மாட்டிக் கோணலாய்த் தொங்கவிட்டேன்,
மிச்ச ஈரம் ஒரே முனைக்கு இறங்கிச் சொட்ட.

காய்ந்ததும் பிரிண்டையும் லென்சையும் கொடுத்தேன்.
பனையின் காலடியில் புல்.
புல்லில் ஒற்றைச் செருப்பு.
'என்னுதுதான்,' என்றார். 'அப்ப புதுசு.'

வெகுநேரம் கழித்துக் கேட்டார்:
'திரும்ப வைக்க முடியுமா?'

பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
இங்கே சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துத்தான்
கிணறு ஊறுகிறது என்பார்கள் போர் போடுகிறவர்கள்.
அன்று எவனோ அலசிய தண்ணீரும்
இந்த மண்ணுக்கு அடியிலிருந்துதானே.
கல்தான் அது.
நடந்து வந்து உட்கார்ந்த கல்.

'முடியும். உங்க கிணத்துத் தண்ணி ஒரு சொட்டுப் போதும்.
எந்தப் பக்கம் உட்காரும்னு மட்டும் சொல்ல முடியாது.'

அறுபது ரூபாயை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.
நெகட்டிவை எடுத்துக்கொள்ளவில்லை.

நேற்றுக் காலை ஷட்டரைத் தூக்கினால்
படியில் ஒரு லிட்டர் பாட்டில், வாய்வரை தண்ணீர்.
வைத்தது யார், கிணறு யாருடையது,
ஒன்றும் எழுதவில்லை.
சாயங்காலத்துக்குள் அடியில்
மெல்லிதாய் வெள்ளை இறங்கியிருந்தது.
இன்னும் திறக்கவில்லை.