பன்னிரண்டு வோல்ட்

குச்சவெளியில், தாழம்புதருக்குப் பின்னால்
எங்கள் பழைய டொல்பின் வான்.
கோணலிங்கம் முகமூடி வாரை இறுக்கி
ஏதோ சொன்னார்,
குழாய்க்குள்ளிருந்து வேறு யாரோ பேசினதுபோல.

பகல் முழுக்க மப்பு.
கூரைத் தகடு குடித்த வெயில் ஒரு மிடறுதான்.
மீற்றரில் பன்னிரண்டு தசம் ஒன்று.

ஈரமூட்டும் தண்ணிப்பெட்டியைக் கழற்றினேன்,
இந்தக் காற்றில் இல்லாத ஈரமா.
குளிர்ப்பெட்டியையும் நிப்பாட்டினேன்.
வெட்டிக் கழுவி வைத்த பாரை
விடியும்வரை தாங்கினால் தாங்கட்டும்.
விசிறி, விளக்கு, என் போன்
எல்லாம் அவருடைய மூச்சுக்கு வழிவிட்டன.

மெஷின் இரைகிறது. கடலும் இரைகிறது.
எது எதுவென்று பிரிக்கக் காது பழகிவிட்டது.

மூன்றே முக்காலுக்கு ஒன்று நின்றது.
கடல் இல்லை.

எண்ணினேன்.
மெஷின் வரமுதல், வீட்டில்
இருபத்தேழு வரை எண்ணியிருக்கிறேன்.
ஒரே இரவில் எத்தனை தரம்
விதவையாகலாம் என்று
ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

பதினாலில் முன்சீற்றுக்குத் தாவிச்
சாவியைத் திருகினேன்.
டீசல் இருமி இருமிப் பிடித்தது.
திரும்பி ஓடிவந்து பொத்தானை அழுத்த
குழாய் விறைத்தது,
நெஞ்சு ஏறி இறங்கியது.

கரைவலைக்காரர் இரண்டுபேர் டோர்ச் அடித்து வந்தார்கள்.
"என்னக்கா, டயர் புதைஞ்சிட்டோ?"
"இல்லைத் தம்பி, அவர் நித்திரை."
அதற்கு ஏன் எஞ்சின் என்று
கேட்க வாயெடுத்தவன்
கேட்காமல் லைட்டை மணலுக்குத் தாழ்த்தினான்.

வெயில் தகட்டில் விழுந்த பிறகுதான்
எழும்பினார், மூக்கில் வார்த் தழும்போடு.
"அருமையான நித்திரை.
அதுசரி, மீனென்ன மணக்குது?"