மேசை காலியாகும் மாதங்கள்

நகைக்கடை கொடுத்த புதுவருசக் கலண்டரைப் பிரித்து
குசினித் தரையில் பரப்பியிருக்கிறோம்.
பன்னிரண்டு தாள்.
பூரணை நாட்கள் ஏற்கெனவே சிவப்பு,
மிச்சத்துக்கு நாங்கள்தான் நிறம் சொல்ல வேண்டும்.

அரசாங்கத்துக்கு மூன்று தவணை.
ஜனவரியில் திற, ஏப்ரலில் விடு,
ஆகஸ்டில் விடு, டிசம்பரில் வகுப்பேற்று.
போன வருசம் வரைக்கும் எங்களுக்கும் அதுவே போதுமாயிருந்தது,
மேட்டு மண் தள்ளி
பள்ளிக்கூடத்துப் பின்சுவர் அரையடி உள்ளே வரும்வரை.

இப்போது ஏழு கட்டை தள்ளி வேறொரு பள்ளிக்கூடம்.
நாற்பத்திரண்டு வளைவு.
இருபத்தாறாவது வளைவில் டிலுக்‌ஷன் வாந்தி எடுப்பான்,
சொல்லி வைத்தது போல.
ஒரு தவணை முழுக்கச் சட்டை துவைத்துப் பார்த்தேன்.

"வீட்டுல வச்சு என்ன செய்யப் போற,
கொழுந்தெடுக்க அனுப்பப் போறியா?"
பீலியடியில் கேட்டாள் அமிர்தகௌரி.
குடம் நிறைந்துவிட்டதாக நடித்துத் திரும்பினேன்.
உயர்தரத்தில் எனக்கு இரண்டு சீ, ஒரு எஸ்.
அந்த எஸ்ஸை யாரும் கேட்கவில்லை,
இரவில் நானே கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் மேசை ஒன்றுதான்.
அது முன்னறையில், ஹப்புத்தளைக் காற்றுப் பக்கம்.
முன்னறை வெள்ளைக்காரருக்கு வாடகை.
ஜூலை, ஆகஸ்டில் வருவார்கள்,
தொப்பி பறக்கப் பறக்கச் சிரிப்பார்கள்,
எல்ல போகும் ரயிலுக்கு நேரம் கேட்பார்கள்.
டிசம்பரில் மறுபடி தொடங்கினால் ஏப்ரல் வரைக்கும் ஆள்.
அந்த மேசையில் அவர்கள் தேத்தண்ணீர்க் கோப்பை வைத்த காசில்தான்
ஹம்சிகாவின் கணக்குப் புத்தகம், அப்பியாசக் கொப்பி, அழிறப்பர்.

அப்படியென்றால்
மே. ஜூனில் பாதி.
செப்டம்பர், ஒக்டோபர், நவம்பர்.
தகரத்தில் மழை அறைந்து
நான் சொல்வது அவர்களுக்குக் கேட்காத மாதங்கள்.
மண்சரிவு அறிவித்தல் போனில் கீச்சிடும் மாதங்கள்.
ஒருத்தரும் மேலேறி வராததால்
மேசை முழுக்க எங்களுடையதாகும் மாதங்கள்.

ஓட்டோவைத் துடைத்துவிட்டுச் சந்திரபோஸ் எட்டிப் பார்க்கிறார்.
"ஆறு கிழமை படிக்கட்டும், ஒரு கிழமை விடு.
வருசம் பூரா அப்படியே உருட்டு."
ஓட்டோவுக்கு சர்வீஸ் செய்வதும் அவர் அப்படித்தான்.
சீசனில் ரொட்டி தட்டுவது யார் என்றேன்.
துணியைப் பிழிந்துகொண்டு போய்விட்டார்.

பூர்ணிக்கு ஐந்து வயது.
புதன்கிழமை வேண்டாம் என்கிறாள், காரணம் கிடையாது.
நான் பென்சில் தேடிய நேரத்துக்குள்
மார்ச் மாதத்து நாலு புதனையும்
ஊதா வர்ணத்தில் புதைத்துவிட்டாள்.
இருக்கட்டும் என்று விட்டேன்.
எந்தப் பள்ளிக்கூடம் அவளிடம் அப்படி விட்டிருக்கும்?
விடுவது சரிதானா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் பென்சிலால் எழுதினேன்:
மழைக்கு நீண்ட தவணை, மேசையோடு.
சீசனுக்குக் குட்டித் தவணை, மேசை இல்லாமல்.
விடிய ஐந்தரைக்கு, அடுப்பைச் சுற்றி,
விருந்தாட்கள் எழும்பாதபடி
வாய்ப்பாட்டைக் கிசுகிசுப்பாகச் சொல்ல வேண்டும்.
ஏழாம் வாய்ப்பாட்டை டிலுக்‌ஷன் இப்போதே
இரகசியம் போலத்தான் சொல்கிறான்,
பிழை வெளியே கேட்காது.

மொத்தம் எத்தனை நாள் என்று பார்த்தோம்.
நூற்று எழுபத்துநாலு என்றாள் ஹம்சிகா.
நூற்று எழுபத்தெட்டு என்றான் அவன்,
ஊதாப் புதன்களையும் சேர்த்து.
சண்டை முற்றி, தாள்கள் கசங்கி, மறுபடி எண்ணச் சொன்னேன்.
ஹம்சிகா என் முகத்தையே பார்த்தாள்:
"அம்மா, இதைக் கணக்குப் பாடமுன்னு எழுதிப்புடாதீங்க."

எழுதத்தான் நினைத்திருந்தேன்.

முன்னறைக் கதவு திறந்தது.
யாருக்கோ சுடுதண்ணீர் வேண்டுமாம்.
கேத்தலைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன்,
எனக்குப் பின்னால் ஜனவரி ஒன்றிலிருந்து
கிசுகிசுப்பாக எண்ணத் தொடங்குகிறார்கள்.