எண்பத்திரண்டு டிகிரி

மார்கழியில் ஊத்துக்கு ஏறும்போது
ஹீட்டர் குமிழைச் சிவப்புக் கோடு முடிகிறவரை திருகுவேன்.
காற்று வரும்.
வெதுவெதுப்பு என்று சொல்லலாம்,
சொன்னால்தான் உண்டு.

கண்ணாடி உள்பக்கமாகப் பனிக்கும்.
ஸ்டியரிங், கியர், துடைக்கிற துணி,
எனக்கு இருப்பது இரண்டு கை.
பக்கத்து சீட்டில் ஜெசிந்தா சிஸ்டர்,
மடியில் ஐஸ் வைத்த தடுப்பூசிப் பெட்டி.
"ஒம்ம வண்டில இந்த மருந்து ஒண்ணுதான்
சொகமா வருது" என்பாள்,
மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டும் முன்பே.

கல்லிடைக்குறிச்சிப் பட்டறையில்
மைதீன் பிச்சை சிரித்துவிட்டார்.
"ஏசி வேலை செய்யலன்னு நூறு பேரு வாரான்.
சூடு பத்தலன்னு வந்தவன் நீதாம்ல சொரிமுத்து."

பானட்டைத் தூக்கி, என்ஜினை ஓடவிட்டு,
தீச்சுவருக்குள் நுழைகிற இரண்டு ஓஸையும்
இரண்டு கையால் பிடிக்கச் சொன்னார்.
வலது கையைச் சட்டென்று எடுத்தேன்.
இடது கை அங்கேயே இருந்தது,
வாய்க்காலில் விட்டதுபோல.
"போற சூடு திரும்பி வரல. உள்ள அடைச்சிருக்கு."

ஓஸைக் கழற்றித் தண்ணீரை எதிர்ப்பக்கமாகச் செலுத்தினார்.
முதலில் ஒன்றுமில்லை.
ஒரு செருமல்.
பிறகு கருப்பட்டிக் காப்பி நிறத்தில் பீய்ச்சி
என் வேட்டியெல்லாம்.
அதோடு வெள்ளை வெள்ளையாய்ச் செதில்.
நக்கிப் பார்க்காத குறையாக முகர்ந்துவிட்டுச் சொன்னார்:
"போர்த் தண்ணி. முன்னால வச்சிருந்தவன் எந்த ஊரு?"
வள்ளியூர் என்றேன்.
தலையை மட்டும் ஆட்டினார்.

இனி இரண்டு ஓஸும் ஒரே சூடு.
ஒரே அரைச் சூடு.
அரைமணி நேரம் ஓடியும்
மீட்டரில் முள் கால்வாசியிலேயே கிடந்தது.
மூன்று போல்ட்டை விட்டு
தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்தார்.

வெறும் ஓட்டை.
"வீடு இருக்கு. ஆளத்தான் காணும்."

வள்ளியூர்க்காரனை நான் பார்த்ததில்லை.
ஆனால் அந்த மத்தியானம் எனக்குத் தெரியும்:
சித்திரை, நாங்குநேரி தாண்டி நாலுவழிச் சாலை,
பானட்டுக்குள்ளிருந்து ஆவி,
வண்டி நிறைய வாழைத்தார்.
யாரோ ஒருவன் ஸ்பேனரோடு வந்து
வால்வைப் பிடுங்கி முள்ளுக்காட்டில் எறிந்து
இனிமே சூடாவாது, போங்க என்றிருப்பான்.
சொன்னது பலித்தது.
அவன் பயந்த சூட்டுக்கு
மலையில் நான் நடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஜங்ஷனிலிருந்து புது வால்வு பஸ்ஸில் வந்தது.
உள்ளங்கைக்குள் அடங்கும்,
விளிம்பில் 82 என்று பொறித்திருந்தது.
மைதீன் பிச்சை யாரையும் நம்புகிறவர் இல்லை.
டீக்கடைச் செல்லப்பாண்டியிடம் பழைய சட்டி வாங்கி
நூலில் கட்டித் தொங்கவிட்டார்.
வியாபாரம் நின்றது.
மூன்று தலைகள் ஒரு சட்டிமேல்.
அடியில் குமிழ் கூடி, விளிம்பு முணுமுணுத்து,
அசைவே இல்லாமல் இருந்து
திறந்தது,
ஒரு நெல் அகலம்.
"உள்ள என்னவே இருக்கு?" என்றார் செல்லப்பாண்டி.
"மெழுகு."
"மெழுகா!"
அதற்குப் பிறகு அவர் பேசவில்லை,
சட்டியைத் திருப்பிக் கேட்கவுமில்லை.

கன்னடியன் கால் கரைமேட்டில் முன்சக்கரத்தை ஏற்றி
மூக்கு வானம் பார்க்க நிறுத்தினோம்.
உள்ளே தங்கிய காற்று
களக் களக் என்று ரேடியேட்டர் வாயில் வந்து உடைந்தது.
மைதீன் பிச்சை கேபினில் தலையை விட்டு
தளர்ந்த கேபிளை ஒரு கண்ணி இழுத்துக் கட்டினார்.
கூலி கேட்டால்,
"மேல போயி வேர்த்தா குடு."

வியாழக்கிழமை.
மாஞ்சோலைக்கு முன்னால் வளைவில் முள் நடுவுக்கு வந்து நின்றது.
காலடியில் சூடு தொட்டது.
கண்ணாடி கீழிருந்து மேலாகத் தெளிந்தது,
முதலில் சாலை, பிறகு தேயிலை,
பிறகு மேகத்துக்குள் போகிற ஒரு மாடு.

சிஸ்டர் செருப்பைக் கழற்றினாள்.
நாலுமுக்கு வரை ஒரு சத்தமில்லை.
பிறகு பெட்டியைத் தொட்டுப் பார்த்துத் திடுக்கிட்டு,
"ஐயையோ, மருந்து!"
தன் பக்கத்து ஜன்னலை முழுக்க இறக்கி
பெட்டியைக் குளிரில் பிடித்துக்கொண்டாள்.

இப்போது எனக்குக் கால் வேகிறது,
காது விறைக்கிறது.
ஹீட்டரை நிறுத்தவா என்று கேட்டேன்.
"நிறுத்திப் பாரும்" என்றாள்.