இணைப்பு: தண்டு ஒன்று

தூரத்தில் பார்த்தால்
விளைந்துவிட்டதுபோல்தான் இருந்தது.
சம்மாந்துறை பஸ்ஸில் எனக்குப் பின்னால் யாரோ
"என்ன வடிவான வயல்" என்றார்கள்.

கொக்கட்டிவட்டையில் இறங்கி
வரம்போடு நடந்தேன்.
பால் பிடித்த கதிர்கள் குனிந்திருந்தன.
மற்றவை நிமிர்ந்து, வெள்ளையாய்.
இழுத்தால் கையோடு வந்தன,
எதிர்ப்பே இல்லாமல்.

சதுர மீற்றர் மரச்சட்டத்தைக்
கண்ணை மூடி எறிய வேண்டும், விதி அது.
எறிந்தேன், எண்ணினேன், எழுதினேன்.
"அந்தப் பக்கமும் ஒருக்கா, சேர்"
என்றார் கலந்தர்லெப்பை.
இம்முறை முழுக்க மூடவில்லை.

சவர அலகால் தண்டைக் கீறிக் காட்டினார்.
உள்ளே அவன்.
அரிசி நிறம், கபிலத் தலை,
சுவரைத் தின்று தின்றே
கணுவிலிருந்து கணுவுக்கு நீட்டிய வீடு.
வெயில் பட்டதும் சுருண்டுகொண்டான்,
போர்வையை யாரோ பறித்ததுபோல.

"எண்ணெய் அடிச்ச பில் இருக்கா?"
"கடையில கடன் தரல்ல சேர்.
மறுகா மழை.
மறுகா பொண்டாட்டி வாட்டுல."

படிவத்தில் வெள்ளத்துக்குக் கட்டம் உண்டு.
வரட்சிக்கு உண்டு.
யானைக்குத் தனிப் பக்கமே உண்டு.
மறுகாவுக்கு இல்லை.

கீறாத அடித்தண்டு ஒன்றை
நாடாவால் கோப்போடு கட்டி அனுப்பினேன்.

பதினோராம் நாள் திரும்பி வந்தது.
ஆதாரம் போதாது.
இரவு, கல்முனை, அறையில் குழல்விளக்கு.
தண்டின் பக்கத்தில் ஒரு துளை.
தின்று முடித்த கையோடு
வெளியேறும் வாசலையும் வெட்டி
அதற்குப் பட்டுத்திரையும் போட்டுவிட்டுத்தான்
தூங்கியிருக்கிறான்.

அவன் இல்லை, அவள்.
வைக்கோல் நிறச் சிறகு இரண்டு,
ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி.

அரிவரி வகுப்பில் சொன்னார்கள்,
புள்ளி வைத்தால்
எழுத்தின் உயிர் போய்விடும்,
மெய் மட்டும் நிற்குமென்று.
எட்டு ஏக்கரிலும் நின்றதே,
அந்த மெய்.

விளக்கை இரண்டு சுற்றுச் சுற்றி
பணிப்பாளரின் கையொப்பத்தின் மேல்
உட்கார்ந்தாள்.
ஒரு தட்டில் முடித்திருக்கலாம்.
தேத்தண்ணிக் கிளாஸைக் கவிழ்த்து மூடினேன்.
இதை அப்படியே கொண்டுபோய்
அவர் மேசையில் வைக்க வேண்டும்.

கண்ணாடியில் ஏறினாள், வழுக்கினாள், ஏறினாள்.
மிஞ்சினால் நாலு நாள் ஆயுள் இவளுக்கு.

நாளைக்குப் போயா.
மறுகா சனி.
மறுகா ஞாயிறு.