முற்றா நிலக்கரி

ஓலுஃப் என்றொரு டேனிஷ்காரர்.
பதினோரு நாவல், நான்கு நாடகம்,
எல்லாம் ஒரே வட்டாரத்தில் நடக்கும்:
மரமில்லாத மேற்குக் கரை,
காற்று, கம்பளி, கடன்.
அங்கிருந்து யாராவது ரயிலேறினால்
அடுத்த பக்கத்தில் ஆளைக் காணோம்.

அந்த ஊரை நான் பார்த்ததில்லை.
டேனிஷும் தெரியாது. ஆங்கிலம் வழியாகத்தான்.
இரண்டாம் அங்கத்தைப் பெரும்பாலும்
29சி பஸ்ஸில் முடித்தேன்.
அவருடைய தங்கை மகன் பணம் கேட்கவில்லை,
ஒரே நிபந்தனை:
ஒரு வரியும் கூட்டக் கூடாது.

ஒத்திகை வியாசர்பாடியில்,
டியூஷன் சென்டர் மாடியில்,
பிள்ளைகள் போனபிறகு.
வாடைக்காற்றுக்கு ஒரு டேபிள் ஃபேன்.
ரெஜினா கம்பளிச் சால்வைக்குள் வியர்த்தபடி
‘அடுப்புக்கு முற்றா நிலக்கரி எடுத்து வா’ என்றாள்.
தாளைக் கீழே வைத்தாள்.
‘எந்த வீட்லக்கா இப்படிப் பேசுவாங்க?’

அகராதி அப்படித்தான் சொல்கிறது, என்றேன்.
அகராதி அடுப்பு பற்றவைத்ததில்லை என்பது
எனக்கும் தெரியும்.

அது மண், என்று விளக்கினேன். சதுப்பு மண்.
செடி செத்து, அதன்மேல் செடி செத்து,
அழுகியும் அழுகாமலும்
ஆயிரக்கணக்கான வருஷம் கிடந்தது.
செங்கல்போல் வெட்டி, வெயிலில் காயவைத்துக்
குளிருக்கு எரிப்பார்கள்.
(வெயில் என்றதும் இரண்டு பேர் சிரித்தார்கள்.)

மண் எரியுமா, என்றான் லைட் போடும் பையன்.

பதில் சொன்னவர் அற்புதராஜ்.
நாடகத்தில் பாதிரியார்,
பகலில் கார்ப்பரேஷன் லாரி.
‘எங்க மேட்ல எரியுதே, கொடுங்கையூர்ல.
மேல தண்ணி அடிப்போம்,
அடங்கின மாதிரி இருக்கும்.
உள்ள போய்க்கினே இருக்கும்.
ராத்திரில செருப்பு வழியா சூடு ஏறும்.’

ஃபேன் மட்டும்
இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தலையாட்டியது.

மூன்றாம் அங்கத்தில் ஒரு வரி உண்டு,
கிழவன் பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சொல்வது:
நிலம் சுடுகிறது.
உவமை என்று நினைத்து
‘நெஞ்சு சுடுகிறது’ என்று எழுதியிருந்தேன்.
இரண்டு நாள் அந்த வரியால்
சந்தோஷமாகவும் இருந்தேன்.

ஓலுஃப் உவமை சொல்லவே இல்லை.
அவர் ஊரில் தரைக்கடியில் தீ போயிருக்கிறது,
அவ்வளவுதான்.

பேனா இல்லை. ரெஜினாவின் புருவப் பென்சிலால்
நெஞ்சை அடித்தேன்.

மறுபடி முதலிலிருந்து.
‘அடுப்புக்கு ரெண்டு மண்ணு எடுத்தா’ என்றாள்.
யாரும் சிரிக்கவில்லை.
அந்தக் காட்சியிலேயே இல்லாத அற்புதராஜ்
மூலையிலிருந்து, டீ கிளாஸோடு,
‘காஞ்சதா பாத்து எடு’ என்றார்.

அதையும் எழுதிக்கொண்டேன்.
தங்கை மகனுக்கு
இன்னும் பதில் போடவில்லை.