ரயிலுக்குக் கொடுத்த பிப்ரவரி

ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி,
வருடத்துக்கு இருநூற்றிருபது வேலைநாள்.
இருபத்தேழரை நாள் வந்தது.
பனி விழுந்து வண்டி நடுவழியில் நிற்பதையும் சேர்த்தால்
சரியாக இருபத்தெட்டு.
ஆக, வருடந்தோறும் ஒரு முழுப் பிப்ரவரியை
வூட்ச் நகரத்துக்கும் வார்சாவுக்கும் நடுவே
தண்டவாளத்தின் மேல் கழிக்கிறேன்.
இது பதினோராவது.

லீப் வருடத்துக்கு என்ன செய்வாய் என்கிறான் போகுமில்.
டிராம் ஓட்டுகிறவன்.
காலை முதல் மாலை வரை போய்க்கொண்டே இருந்தும்
ஊர் எல்லையைத் தாண்டாதவன்.

வார்சாவில் சம்பளம் ஒன்றரை மடங்கு.
வாடகையோ மூன்று மடங்கு.
இடையில் இருக்கும் தூரம்தான்
நாங்கள் மிச்சம் பிடிக்கும் காசு.

நாலரைக்கு அலாரம்.
அது வாய் திறக்குமுன் அதன் தலையில் அடிக்கக்
கை பழகிவிட்டது.
இருட்டிலேயே உடுத்துவேன்.
ஒருமுறை இரண்டு நிறக் காலுறைகளோடு
நாள் முழுக்க அடுத்தவர் எலும்புகளைப் படம் பிடித்தேன்.
எக்ஸ்ரே எடுக்கிறவளின் காலை
யார் பார்க்கப்போகிறார்கள்?

மகனோடு பேச்செல்லாம் குளிர்பெட்டிக் கதவில்தான்.
'சூப் கீழ்த்தட்டில்.'
'பல் டாக்டர், வியாழன், மறக்காதே.'
'கணக்கில் ஐந்து வாங்கினேன் அம்மா!!!'
பிறகு ஆச்சரியக்குறிகள் உதிர்ந்தன.
பிறகு 'அம்மா' உதிர்ந்தது.
ஒருநாள் சீட்டில் வெறும் 'ம்'.
முந்தின வாரம்தான்
அவனுக்குப் பதின்மூன்று முடிந்திருந்தது.

வண்டியில் எதிர் இருக்கை
ஒரு மீசைக்காரருக்கு.
பெயர் கேட்டதில்லை.
கொலுஷ்கி தாண்டியதும் உறங்கிவிடுவார்.
ஷிரார்துஃபின் செங்கல் புகைபோக்கி தெரிந்ததும்
மடித்த செய்தித்தாளால்
அவர் முழங்காலில் ஒரு தட்டு தட்டுவேன்.
'விழித்துத்தான் இருந்தேன்' என்பார்.
ஆறு வருடமாக அதே பொய்.
எனக்குக் கூலி
ஓர் ஆரஞ்சில் பாதி.

அக்டோபரிலிருந்து ஜன்னல் கறுப்பு.
அதில் எங்கள் முகங்கள்
வெளிச்சப் பலகையில் மாட்டிய படங்கள்போல் தொங்கும்.
தொழில் புத்தி,
எங்கே விரிசல் என்று தேடுவேன்.
எதுவும் முறிந்திருக்காது.
தேய்ந்திருக்கும்.

போன நவம்பரில் அந்த இருக்கை காலி.
திங்கள். செவ்வாய். புதன்.
புகைபோக்கி வந்தபோதெல்லாம் கை தானாக எழுந்து
காற்றை ஒரு தட்டு தட்டிவிட்டு
மடியில் வந்து விழுந்தது.
வியாழனன்று அங்கே ஒரு கல்லூரிப் பெண்.
நினைக்கக் கூடாததை நினைத்தேன்.
யாரிடம் போய் விசாரிப்பது?
விசாரிக்க ஒரு பெயராவது வேண்டுமே.

சனிக்கிழமை சந்தையில் பீட்ரூட் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.
தராசுக்கு அந்தப் பக்கம் மீசை.
இறங்கும் அவசரத்தில் பத்து நொடி மட்டும்
நின்று பார்த்த மனிதர்
முட்டைகோஸோடு சாவகாசமாக நின்றார்.
இவ்வளவு உயரமா இவர்?

உள்ளூரிலேயே வேலை கிடைத்துவிட்டதாம்.
வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடமாம்.
நல்லது, என்றேன்.
நல்லதுதான், என்றார்.
ஆனால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது,
கட்டில் ஆடாமல் கிடக்கிறது.
பக்கத்தில் நின்ற மனைவி
என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
ஓ, தட்டி எழுப்புவது நீங்கள்தானா?

பெயர் சொல்லிக்கொண்டோம்.
லூத்விக். யோவிதா.
சொல்லி முடித்ததும்
இருவரும் கொஞ்சம் அந்நியராகிப்போனோம்.
பீட்ரூட் விலையைப் பற்றி ஏதோ பேசினோம்.

திங்களன்று நானே ஓர் ஆரஞ்சு வாங்கி ஏறினேன்.
உரித்தேன். பாதியைத் தின்றேன்.
மீதி உள்ளே இறங்கவில்லை.
எதிரே அந்தப் பெண் வாய் திறந்து தூங்கினாள்.
எங்கே இறங்குவாள் என்று தெரியாமல்
எப்படி எழுப்புவது?

அந்தப் பாதி
வார்சா போய், ஒன்பது விலா எலும்பும்
ஒரு குழந்தையின் மணிக்கட்டும் பார்த்துவிட்டு
என்னோடு திரும்பி வந்தது.
கீழ்த்தட்டில் வைத்துக் கதவில் எழுதினேன்:
'பாதி உனக்கு.'

விடிகாலை நாலே முக்காலுக்கு
குளிர்பெட்டி வெளிச்சத்தில் படித்தேன்:
'ம். புளிப்பு.'