நுரை

குலுக்காதீர்கள் என்பேன், புதிதாக வருபவர்களிடம்.
குலுக்கினால் நுரைக்கும்.
நுரைத்த புரதம்
மடிப்புக் கலைந்த வேட்டி.

பதினோரு ஆண்டாக நெல்லில் ஒரே ஒரு புரதம் எனக்கு.
வெள்ளத்தில் மூழ்கிய நாற்றிடம்
மூச்சடக்கிக் கிட, வடியும் என்று சொல்வது அதுதான்.
வயலே இல்லாத தீவில்
குவீன்ஸ்டவுனில் ஆறாவது மாடியில்
குழல்விளக்கைச் சூரியன் என்று நம்பி
வளர்கிறது என் பயிர்.

செவ்வாய் விடியலில்
வீட்டுக் கழிவறையில் சிறுநீர் நுரைத்தது.
தண்ணீரை இழுத்துவிட்டேன்.
புதனும் நுரை.
கோப்பிக் கடையில் ஹனாஃபி தே தாரே ஆற்றித் தந்தார்.
குவளை விளிம்பில் ஒரு குமிழி உடையும்வரை
பார்த்துக்கொண்டே நின்றேன்.

எல்லாரும் சாப்பிடப் போன நேரம்
ஆய்வகத்தில் தாள்பட்டையை நனைத்தேன்.
மஞ்சள் பச்சையாகியது.
அல்புமின்.
தெரியாத பெயரா?
மாட்டினுடையதைப் புட்டியில் வாங்கி
குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன்,
மற்றப் புரதங்களை அளக்க அதுதான் எங்களுக்குப் படி.
என்னுடையது மட்டும்
அளப்பாரின்றி ஒழுகியிருக்கிறது.

பலதுறை மருந்தகம். வரிசை எண் 4017.
டாக்டர் சியூ ஹூனுக்கு என் மூத்தவள் வயதிருக்கும்.
சர்க்கரை எத்தனை வருடமாக?
உப்பைக் குறையுங்கள். சோற்றையும்.
என்ன வேலை பார்க்கிறீர்கள்?
நெல், என்றேன்.
சிரித்துவிட்டார். நானும்தான்.

தாதி ஒரு குப்பியை நீட்டினார்.
நிரப்பி, மூடியைத் திருகி,
நீண்ட நடைவழியில்
இரண்டு கையாலும் பிடித்து
குலுக்காமல் கொண்டுவந்தேன்.